சுயாட்சி சென்னையோடு நின்றுவிடக் கூடாது

மாநில சுயாட்சி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் ஊர் இரும்பாலை, அதாவது சேலம் உருக்காலைதான். சேலத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அதிகாரங்களை ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் பிரித்துத் தரும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல் என்றெல்லாம் நான் படித்தது ரொம்பப் பின்னால். ஒரு ஊருக்கு ஓர் ஆலை வரவேண்டுமானால் டெல்லியில் ஒருவர் தலையசைக்க வேண்டும் என்பது அதற்கு முன்பே எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1967 ஜூலை 23ஆம் தேதி தி.மு.க. ‘எழுச்சி நாள்’ நடத்தியது. அண்ணா முதலமைச்சராகி ஐந்து மாதம்கூட நிறையவில்லை. சேலத்துக்கு உருக்காலை வேண்டும், சேதுக் கால்வாய்த் திட்டம் வேண்டும் என்று கேட்டு ஆளுங்கட்சியே தெருவில் இறங்கிய நாள் அது. அம்மாபேட்டையில் தறி நெய்துகொண்டிருந்த என் அப்பா அன்றைக்குப் பாவு நூலை அப்படியே விட்டுவிட்டு ஊர்வலத்தில் கொடி பிடிக்கப் போனார். அவர் கட்சிக்காரர்கூட இல்லை. “கஞ்சமலையில இரும்பு கிடக்குது. எடுத்து உருக்க ஆள் இருக்குது. லைசென்ஸ் மட்டும் அவங்ககிட்ட இருக்குது” என்று அதற்குப் பிறகும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டாட்சி குறித்து நான் பின்னால் படித்த எதுவும் இதைவிடத் தெளிவாக விஷயத்தைச் சொன்னதில்லை.

அவர் சொன்னது சட்டப்படியும் சரி. மாநிலப் பட்டியலில் 24ஆவது இனம் ‘தொழில்கள்’. படித்தவுடன் தொழில் நம் கையில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றியப் பட்டியலில் 52ஆவது இனம் ஒன்று இருக்கிறது. பொதுநலனுக்காக எந்தத் தொழிலைத் தன் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் சொல்கிறதோ, அது ஒன்றியத்துக்குப் போய்விடும். 1951இல் வந்த தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் அப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. இரும்பும் உருக்கும் மட்டுமா? அந்தப் பட்டியலில் சோப்பு, தீப்பெட்டிகூட இருந்தன. கொடுத்தது ஒரு வரியில், எடுத்தது இன்னொரு வரியில்.

சரி, ஆலை எப்படி வந்தது? ஊர்வலத்தைப் பார்த்து மனம் இளகி யாரும் கொடுக்கவில்லை. 1969இல் காங்கிரஸ் உடைந்தது. இந்திரா காந்தியின் அரசு பெரும்பான்மை இழந்தது. மக்களவையில் தி.மு.க.வுக்கு 25 பேர் இருந்தார்கள். அவர்களுடைய ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. 1970 ஏப்ரலில் சேலம், விசாகப்பட்டினம், ஹோஸ்பேட் என்று தெற்கே மூன்று உருக்காலைகள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி இந்திரா காந்தியே சேலத்துக்கு வந்து அடிக்கல் நாட்டினார். விசாகப்பட்டினத்துக்கு அந்த ஆலை கிடைப்பதற்கு முன்பு 1966இல் பெரிய கிளர்ச்சி நடந்தது. உண்ணாவிரதம், துப்பாக்கிச்சூடு. 32 பேர் செத்துப்போனார்கள் என்பதுதான் ஆந்திரத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஓர் ஆலை கேட்டதற்கு 32 உயிர். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரும்பாலை ஓட ஆரம்பித்திருந்தது. 1981இல் உற்பத்தி தொடங்கியது. ஆனால் அப்பா கனவு கண்ட ஆலை அது இல்லை. கஞ்சமலை தாதுவை வெட்டி உருக்கி இரும்பெடுக்கும் ஆலை வரவே இல்லை. வெளியிலிருந்து வந்த தகட்டுச் சுருளை உருட்டி மெலிதாக்கிப் பளபளப்பாக்கும் ஆலையாகத்தான் தொடங்கினோம். சொந்தமாக உருக்குவதற்கு உலை வர 2010 ஆகிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தகட்டின் தரத்தைப் பற்றி நான் இன்றும் யாரிடமும் தலைநிமிர்ந்து பேசுவேன். சேலம் ஸ்டெயின்லெஸ் என்றால் ஊர் உலகம் அறியும்.

அங்கே நாணயத்துக்கு வில்லை வெட்டும் பிரிவு ஒன்று உண்டு. கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு துடைத்த, மழமழவென்ற வட்டம். இரண்டு பக்கமும் ஒன்றும் இருக்காது. சிங்கம் இல்லை, எண் இல்லை, வருஷம் இல்லை. மூட்டையாகக் கட்டி வடக்கே நாணயச் சாலைக்கு அனுப்புவோம். அங்கே அச்சு விழுந்த பிறகுதான் அது காசு. அதில் தவறு எதுவும் இல்லை. ஒரு நாட்டுக்கு ஒரே நாணயம் என்றால் ஒரே அரசுதான் அச்சடிக்க வேண்டும். நாணயம், பாதுகாப்பு, வெளியுறவு இதெல்லாம் டெல்லியில் இருக்கட்டும் என்றுதான் சுயாட்சி கேட்டவர்களும் சொன்னார்கள். மிச்சத்தைப் பற்றித்தான் பேச்சு.

இந்த இடத்தில் ‘பிரிவினை’ என்ற குற்றச்சாட்டைப் பற்றியும் பேசிவிட வேண்டும். சேலத்துக்காரன் அதைத் தவிர்க்கவே முடியாது. 1944 ஆகஸ்ட் 27ஆம் தேதி இதே ஊரில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அப்போது கேட்டது தனிநாடு. மறைக்க வேண்டிய விஷயமில்லை. 1949இல் பிரிந்துபோன தி.மு.க.வும் அதையே கேட்டது. 1962 சீனப் போர் வந்தது. 1963இல் பிரிவினைப் பேச்சுக்குத் தடைபோடும் 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டு மாநில உரிமை என்ற பாதைக்குத் திரும்பியது. நான்கே வருஷத்தில் ஆட்சிக்கும் வந்தது. அரசியல் சட்டத்தின் மீது உறுதிமொழி எடுத்துப் பதவி ஏற்றது. வாக்குப்பெட்டி வழியாக ஒரு பெரும் சினம் ஆட்சிப் பொறுப்பாக மாறியது. அந்த வழியை அடைத்துவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் திருகோணமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரோடு எனக்குப் பழக்கம். அரசாங்க எழுத்தராக இருந்தவர். ஒருமுறை அவரிடம் தனிநாடு பற்றிக் கேட்டேன். “தம்பி, நாங்கள் முதல்ல நாடு கேக்கேல்லை. கந்தோருக்குத் தமிழில கடிதம் எழுத வேணும் எண்டுதான் கேட்டனாங்கள்” என்றார். கந்தோர் என்றால் அலுவலகம். உண்மைதான். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பிரதேச சபைகள், விவசாயம், கல்வி, குடியேற்றம் போன்றவற்றில் அவற்றுக்கு அதிகாரம், அந்தப் பகுதிகளில் தமிழில் நிர்வாகம். அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் பண்டாரநாயக்க அதைக் கைவிட்டார். 1965இல் டட்லி சேனாநாயக்கவோடு இன்னொரு ஒப்பந்தம். அதுவும் நிறைவேறவில்லை. 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம். நடுவில் போன அந்தப் பத்தொன்பது வருஷத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கேட்டபோது கொடுத்திருக்கக்கூடியது ஒரு மாவட்ட வாரியம் அளவுக்கான அதிகாரம்.

நம் நாட்டிலேயே மிசோரம் இருக்கிறது. 1959இல் அங்கே மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலி பெருகும், எலி பெருகினால் நெல் போகும் என்று மலைக்காரர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அன்றைய அசாம் அரசு காதில் வாங்கவில்லை. பஞ்சத்துக்கு அரிசி சுமந்துபோக லால்டெங்கா தொடங்கிய நிவாரண அமைப்புதான் பிறகு மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966 மார்ச் 1ஆம் தேதி சுதந்திரப் பிரகடனம். மார்ச் 5ஆம் தேதி ஐஸ்வால் மேல் இந்திய விமானப்படை குண்டு போட்டது. சொந்தக் குடிமக்கள் வாழும் ஊர் மேல். இருபது வருஷம் கழித்து, 1986 ஜூனில் ஒப்பந்தம். 1987இல் மாநிலம். ஆயுதம் ஏந்திய லால்டெங்காவே முதலமைச்சர். ஒப்பந்தத்தை இரண்டு தரப்பும் மதித்ததால் அது நிலைத்தது. ஆனால் ஆரம்பத்தில் கேட்டது என்ன? அரிசி.

எனவே ‘சுயாட்சி கேட்டால் நாடு உடைந்துவிடும்’ என்று பேசுபவர்களிடம் நான் கோபப்படுவதில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. கேட்டவுடன் பேசித் தீர்த்த இடங்களில் நாடு உடையவில்லை. காலம் கடத்திய இடங்களில்தான் ரத்தம் சிந்தியது.

தமிழ்நாடு பேச்சு வழியையே தேர்ந்தெடுத்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 1969இல் கலைஞர் அரசு நீதிபதி ராஜமன்னார் தலைமையில் குழு அமைத்தது. லட்சுமணசாமி முதலியார், சந்திரா ரெட்டி இரண்டு பேரும் உறுப்பினர்கள். 1971இல் அறிக்கை வந்தது. மாநில ஆட்சியைக் கலைக்கும் 356ஆவது பிரிவை எடுத்துவிட வேண்டும், மாநிலங்களுக்கிடையிலான மன்றத்தை உடனே அமைக்க வேண்டும், உரிமம் கொடுக்கும் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாக எழுதியிருந்தார்கள். 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. டெல்லி ஏற்கவில்லை. 1976 ஜனவரி 31ஆம் தேதி, நெருக்கடி நிலையின்போது, எந்த 356ஐ எடுக்கச் சொன்னார்களோ அதே 356ஐ வைத்து தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதே ஆண்டு 42ஆவது திருத்தத்தில் கல்வியும் காடும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போயின. கல்வி போனதைப் பற்றி இன்றைக்கும் எல்லோரும் பேசுகிறோம். நீட் வந்த பிறகு பேசாதவர் கிடையாது. காடு போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏற்காடு மலைக்கு அடியில் குடியிருந்துகொண்டு நாம் பேசாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலைக்கு ராஞ்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். முண்டா இனத்தவர். மோகன் நகர் குடியிருப்பில் இருந்தார். வந்த புதிதில் நான் அவரிடம் எங்கள் எழுச்சி நாள் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உங்களுக்கு ஆலை கிடைக்கவில்லை என்று சண்டை, எங்களுக்கு ஆலை வந்ததுதான் சண்டை என்றார். அவர்கள் நிலத்துக்கு அடியில் நிலக்கரியும் இரும்பும் இருந்தன. டாட்டாநகர், பொகாரோ, தன்பாத் எல்லாம் அங்கேதான். ஆனால் வேலையும் பணமும் வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் போயின. அப்போது அது பீகார். கொள்கைகள் எல்லாம் பாட்னாவிலும் டெல்லியிலும் முடிவாயின. 1950களில் டெல்லி சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தும் ஒரு கொள்கை கொண்டுவந்தது. சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரிலும் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் ஊரிலும் உருக்கு ஒரே விலை. அப்படியென்றால் சுரங்கத்துக்குப் பக்கத்தில் எவன் தொழிற்சாலை வைப்பான்? துறைமுகம் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். 1990களின் தொடக்கம்வரை இது நீடித்தது. அதில் ஆதாயம் அடைந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இதை நாம் சொல்லிக்கொள்வதே இல்லை. டெல்லியால் நாம் இழந்ததை எண்ணும்போது டெல்லியால் இன்னொருவர் இழந்து நாம் பெற்றதையும் எண்ண வேண்டும். அப்போதுதான் நம் பேச்சில் நியாயம் இருக்கும்.

அவர் மூலம்தான் ஜெய்பால் சிங்கைத் தெரிந்துகொண்டேன். 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். தனி ஜார்க்கண்ட் கேட்டுக் கட்சி நடத்தினார். 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் அவர்கள்தான் முக்கிய எதிர்க்கட்சி. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் மறுத்தது. கடைசியில் 2000 நவம்பர் 15ஆம் தேதி, வெள்ளைக்காரனை எதிர்த்த முண்டா தலைவர் பிர்சா முண்டா பிறந்த நாளில், மாநிலம் பிறந்தது. என் நண்பர் அன்றைக்குக் குடியிருப்பு முழுக்க லட்டு கொடுத்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. 2017, 2018 ஆண்டுகளில் அதே ஜார்க்கண்டில் கூண்டி மாவட்டத்தில் கிராமத்தார்கள் ஊர் எல்லையில் பெரிய பெரிய கற்களை நட்டார்கள். பத்தல்கடி என்று பெயர். முண்டாக்களிடம் வழிவழியாகக் கல் நடும் வழக்கம் உண்டு. இந்த முறை அதில் செதுக்கியது பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை: இந்த மண்ணில் கிராம சபைக்கு உள்ள அதிகாரம் இது என்று. அரசியல் சட்டத்தைக் கல்லில் எழுதியதற்கு ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்கள். போட்டது டெல்லி இல்லை. போராடிப் பெற்ற சொந்த மாநிலத்தின் அரசு. 2019 டிசம்பரில் வந்த புதிய அரசு முதல் நாளே வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நண்பர் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகு நடந்தது இது. தொலைபேசியில் பேசும்போது அவர் குரலில் இருந்த களைப்பு எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அதே 2018இல் எங்கள் ஊரிலும் கல் நட்டார்கள்.

எட்டுவழிச் சாலைக்கான கல். சென்னையிலிருந்து சேலத்துக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். திட்டம் ஒன்றிய அரசுடையது. நிலம் அளந்து கொடுத்தது மாநில அரசு. அன்றைய முதலமைச்சர் எங்கள் மாவட்டத்துக்காரர். ஜூன் மாதம் குப்பனூர் பக்கம் என் மச்சான் தோட்டத்தில் போலீஸ் பாதுகாப்போடு வந்து கல் போட்டார்கள். தென்னைக்கும் பாக்குக்கும் நடுவில். மச்சான் அந்தக் கல்லைப் பிடுங்கவில்லை, கும்பிடவும் இல்லை. மாட்டை அதைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். பிடுங்கியவர்கள் மேல் வழக்கு வந்தது. கேள்வி கேட்ட மாணவர்களும் சமூக ஆர்வலர்களும் கைதானார்கள். 2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பகுதி மாற்றிவிட்டது. சாலை இன்னும் வரவில்லை. மச்சான் இன்னும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

இதில் எங்கே மாநில சுயாட்சி? சென்னைக்கு எல்லா அதிகாரமும் இருந்திருந்தாலும் அந்தக் கல் நடப்பட்டிருக்கும். டெல்லியும் சென்னையும் கைகோத்த நாளில் குப்பனூருக்கு ஒரு பேச்சும் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டெல்லியிடமிருந்து சென்னைக்கு வருவதோடு அதிகாரம் நின்றுபோனால், கீழே இருப்பவனுக்கு முகவரி மட்டும்தான் மாறுகிறது.

இப்போது மலைக்கு ஏறுவோம். சேர்வராயன் மலையில் 60க்கும் மேற்பட்ட கிராமங்கள் உண்டு. அங்கே பெரும்பாலானோர் மலையாளிகள். கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ் பேசும் பழங்குடியினர். வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களிலேயே சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகளாக மலையைப் பிரித்து, பட்டக்காரரை வைத்துத் தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். எஸ்டேட்டுகள் வந்தன. பிறகு வனத்துறை. அப்புறம் பாக்சைட் சுரங்கம். மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு மண் இங்கிருந்துதான் லாரி லாரியாக இறங்கியது. எதற்கும் ஊரைக் கூட்டி யாரும் கேட்டதில்லை.

கொட்டச்சேடு பக்கம் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஆலையில் ஒப்பந்த வேலைக்கு வந்தவர், என்னை அண்ணா என்பார். கொஞ்சம் காப்பி, சவுக்கு மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு, கீழே கொஞ்சம் ராகி. அவர் வீட்டில் ஒரு துணிக்கடை பிளாஸ்டிக் பை உண்டு. அதற்குள் தாத்தா காலத்திலிருந்து கட்டிய பி மெமோ ரசீதுகள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, செல்லரித்து, மை வெளுத்துப்போனவை. ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லித் தண்டம் வாங்கிக்கொண்ட ரசீது. நிலம் இவருடையது என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே எழுத்து, நிலம் இவருடையது இல்லை என்று சொல்லும் அந்த ரசீதுதான். பட்டா கேட்டு அவர் ஏறாத படி இல்லை. ஓர் அலுவலகத்தில் இது காடு, வனத்துறையைக் கேள் என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் வருவாய்த்துறை நிலம் என்றார்கள்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இவரைப் போன்றவர்களுக்காகத்தான் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுது வாழும் பழங்குடியினருக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை. விண்ணப்பத்தை வாங்கிச் சரிபார்க்கும் முதல் அதிகாரம் கிராம சபைக்கு. ஊர்ப் பெரியவரின் வாக்குமூலமும் சாட்சியாகும். பள்ளிக்கூடம், சாலை, குடிநீர் போன்றவற்றுக்கு 1 ஹெக்டேருக்குள் காட்டு நிலம் வேண்டுமானால் கிராம சபை பரிந்துரைத்தால் மாவட்ட அளவிலேயே முடித்துக்கொள்ளலாம். நாடாளுமன்றம் போட்ட சட்டம். ஆனால் நீதிமன்றத் தடையாலும் அதிகாரிகளின் தயக்கத்தாலும் தமிழ்நாட்டில் பல வருஷம் ஓர் உரிமை ஆவணம்கூடக் கைக்கு வராமல் கிடந்தது. இந்த விஷயத்தில் டெல்லி போட்ட சட்டம் நல்ல சட்டம், இழுத்தடித்தது இங்கேதான்.

நேர்மாறான கதையும் உண்டு. சேலம் மலையாளி பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார். ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி அதில் இல்லை. பட்டியலில் ஊர் பேர் சொல்லாமல் பழைய மாவட்டங்களின் பேரை எழுதிவிட்டார்கள். பர்கூர் அப்போது கோயம்புத்தூர் மாவட்டம். அதே மக்கள், அதே பேச்சு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சொந்தம். மாவட்ட எல்லையைத் தாண்டினால் சான்றிதழ் செல்லாது. இந்த ஒரு வரியைத் திருத்த அரசியல் சட்டம் 342ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம்தான் வர வேண்டும். ஒரு மலைக்காரப் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு லோக்சபா கூட வேண்டும் என்றால், அந்த அதிகாரம் ரொம்ப தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. கூண்டியில் கல்லில் செதுக்கினார்களே, அந்த ஐந்தாவது அட்டவணை, அது தமிழ்நாட்டில் ஓர் அங்குல மண்ணுக்கும் பொருந்தாது. பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் உண்டு. நம்மிடம் பழங்குடியினர் ஆலோசனைக் குழு மட்டும் இருக்கிறது, பகுதி இல்லை. அதனால் அங்கே கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே வராது. அந்த அதிகாரத்தின் வலிமை என்ன என்று கேட்டால் ஒடிசாவின் நியம்கிரியைச் சொல்வேன். அங்கேயும் பாக்சைட்தான். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. கேட்ட 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. சேர்வராயன் கோவிலில் மே மாதம் கூடும் அந்த ஜனத்தை நினைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் ஒரு தடவையாவது அப்படிக் கேட்டிருக்கலாம்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு மறுபடியும் ஒரு குழு அமைத்தது. நீதிபதி குரியன் ஜோசப் தலைவர், அசோக் வர்தன் ஷெட்டியும் நாகநாதனும் உறுப்பினர்கள். ராஜமன்னார் விட்ட இடத்திலிருந்து மாநில உரிமைகளை ஆராயும் பணி. மனதார வரவேற்கிறேன். கல்வி மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும், ஆளுநரின் கையில் மசோதாக்கள் சிக்கிக் கிடக்கக் கூடாது, வரிப் பங்கு நியாயமாக வர வேண்டும், இதிலெல்லாம் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை. இரும்பாலையின் பங்குகளை விற்க 2019இல் அறிவிப்பு வந்தபோது ஆலை வாசலில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். நிலம் கொடுத்த ஊர்களையோ மாநிலத்தையோ கேட்காமல் விற்கக் கிளம்பியதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆலை இன்னும் பொதுத்துறையில்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

ஆனால் டெல்லிக்கு நாம் எழுதும் அதே கடிதத்தை மலைக்காரர்கள் சென்னைக்கு எழுதினால் என்ன பதில் சொல்லப்போகிறோம்? அட்டவணைப் பகுதியைக் குடியரசுத் தலைவர்தான் அறிவிக்க வேண்டும் என்றாலும், முன்மொழிவு மாநில அரசிடமிருந்து போக வேண்டும். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை இவற்றுக்கு அந்த முன்மொழிவைத் தமிழ்நாடு அரசு அனுப்பலாம். யாரும் தடுக்கவில்லை. டெல்லியிடம் சண்டை போடாமலே செய்யக்கூடிய சுயாட்சி இது.

வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொட்டச்சேடு நண்பர் தன் ஊராட்சியில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து வரைவு எழுதியிருக்கிறோம். மலைக் கிராமங்களை ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக அறிவிக்க மாநில அரசு முன்மொழிய வேண்டும். வன உரிமை விண்ணப்பங்களைக் கிராம சபை முன்பு வைத்து முடிவு செய்ய வேண்டும். பர்கூர் மலையாளிகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்குள் முடிகிறது. நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள், வரைவை அனுப்பித் தருகிறேன். உங்கள் ஊர்ப் பேரைப் போட்டுக்கொள்ளும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.